இரண்டு வரிக்குள்

நிமிடத்துக்கு ஏழு வெள்ளி.
அந்தக் கணக்கில்தான் நான் படம் பார்க்கிறேன்.
தமிழ் பேசுகிறவர்களின் காலடியில்
மலாயை ஓடவிடுவது என் வேலை.
ஒரு நேரத்தில் இரண்டு வரி,
வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
அதற்குமேல் யாரும் அழக் கூடாது.

பிடித்த படம் எது என்று கேட்கிறார்கள்.
பல்வைத்தியர்கூட,
என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு.

பிடிக்காததை உடனே சொல்வேன்:
போன தீபாவளிக்கு வந்த அரிவாள் படம்.
செந்தூல், ஒன்பதாம் மாடி, ஆறிப்போன கோப்பி ஓ,
பதினோரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
பதினோரு தடவையும் மட்டம்.
இடைவேளைக்கு முன்னால் அம்மாவைச் சுடுகிறார்கள்,
பின்னால் அம்மாவின் படத்தைச் சுடுகிறார்கள்.
நாயகி மூன்று பாட்டுக்கு வந்தாள்,
நாலாவதுக்கு வரவில்லை,
யாரும் தேடவும் இல்லை.
எரிகிற லோரிக்கு முன்னால் நின்று அவன் சொல்கிறான்:
"நான் வந்தா வெடி, நீ வந்தா பொடி."
மலாயில் எதுகை உதிர்ந்துவிடும்.
மிஞ்சுவது ஒரு பட்டாசும் கொஞ்சம் மாவும்.

விடியற்காலை மூன்று மணி.
லோகேந்திரன் நாலு தடவை அழைத்துவிட்டான், ஃபைல் எங்கே என்று.
எரிச்சலில் அந்த வாய்க்குள் வேறொன்றை வைத்தேன்:
அக்கு டா பெனாட் ஜாடி அப்பி.
நெருப்பாய் இருந்து இருந்து
அலுத்துப்போச்சு எனக்கு.

முதல் நாள், இரண்டாம் காட்சி.
தமிழ் தெரிந்தவர்கள் விசிலடித்தார்கள்,
என் பக்கத்துக்காரர் கொட்டாவி விட்டார்.
முன் வரிசையில், தாதி உடுப்பு மாற்றாமலே வந்த
நாலாம் மாடி நோரைனியின் கை
பாப்கார்னுக்கும் வாய்க்கும் நடுவில்
நின்றது.
பிறகு மின்தூக்கியில் சொன்னாள்:
கதை போதாது, வெட்டுக்குத்து அதிகம்,
ஆனால் அந்த லோரி இடம்,
அதை அப்படி எழுத உங்கள் தமிழால்தான் முடியும் கா.
நாலில் இறங்கிப் போனாள்.
ஒன்பது வரைக்கும்
நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி ஹர்வின் வேறு ஜாதி.
இருநூற்று நாற்பது வெள்ளிக்கு ஒரு பேய் கேம் வாங்கினான்,
முடிவு சப்பென்று இருக்கிறதாம், ஒரு ஸ்டார்தானாம்.
என்ன முடிவு என்று கேட்டேன்.
"தெரியலக்கா, பேசுறதையெல்லாம் ஸ்கிப் பண்ணிட்டேன்."
எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருத்தி
அந்தப் பேச்சையும் எண்ணி எண்ணி வெட்டியிருப்பாள்.
அவளுக்கு நிமிடத்துக்கு எவ்வளவோ.

சரி, பிடித்த படம்.
ஆறு நாள் ஓடியது, காலைக் காட்சி மட்டும்.
ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். அவ்வளவுதான்.
ஒரு மணி ஐம்பது நிமிடம் அதற்குத் தயாராகிறாள்:
செருப்பு வார் தைக்கிறாள்,
ஊறவைத்த உளுந்தை ஆட்டி முடிக்கிறாள்,
கேஸ் அடைக்கிறாள், திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறாள்.
கணவன் கரண்ட் பில்லில் இருக்கிறான்.
வாசலில் நின்று அவள் சொல்கிறாள்:
"வர்றேன்."
"ம்" என்கிறான்.

இதை நான் என்ன செய்ய?
போகிறவர்கள் வருகிறேன் என்று சொல்லும் பாஷையில்
பொய் எது, மரியாதை எது என்று
அந்த மனுஷனுக்கே தெரியவில்லை.
சாயா டாத்தாங் என்று போட்டால்
இப்போதுதான் வந்து நிற்கிறாள் என்பார்கள்.
நான்தி சாயா பாலே என்றால், திரும்பி வருவேன் என்ற வாக்கு.
அவள் தரவில்லை.
பெர்கி டூலு என்றால், நான் முன்னால் போகிறேன்,
நீயும் பின்னால் வா என்பதுபோல.

ஐந்து மணி நேரம். முப்பத்தைந்து காசுக்குக்கூட ஆகாத ஒரு சொல்.
கடைசியில் அனுப்பிவிட்டேன்:
சாயா பெர்கி.
போகிறேன்.
பத்து எழுத்துகூட இல்லை,
வரியில் அவ்வளவு இடம் மிச்சம்.

நான் சொல்லித்தான் நோரைனி போனாள்.
நல்ல படம்தான் கா, என்றாள் மின்தூக்கியில்,
கையில் நாசி லெமாக் பொட்டலம் சுடச்சுட.
ஆனால் கடைசியில் அவள் அப்படி
முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்க வேண்டாம்.
எழுதியவருக்கு அந்த இடத்தில் நம்பிக்கை போய்விட்டது.

நாலு.
கதவு திறந்தது.
"பெர்கி டூலு, கா."

ம், என்றேன்.